கொழும்பில் போவா வாங்குகிறவர்கள் முற்பணம் போடும் முன் வாசியுங்கள்

போவா என்பது அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகளில் இருக்கும், விஷமில்லாத பெரிய பாம்பு. அக்காவின் மகன் 85,000 ரூபா கொடுத்து "கொலம்பியா ரெட் டெயில் போவா" என்று வாங்கி வந்தது நம்நாட்டு வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்புக் குட்டி. காசு திரும்பி வரவில்லை. விற்றவர் இன்னும் பேஸ்புக்கில் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார். பக்கத்தின் பெயரை அடிக்கடி மாற்றுகிறவரின் பெயரை இங்கே எழுதி ஒரு பலனும் இல்லை. அதனால் ஆளை விட்டுவிட்டு அவருடைய வேலையை மட்டும் சொல்கிறேன்.

விளம்பரத்தில் இருந்த படம் உண்மையான போவாதான். சாம்பல் உடம்பு, வாலில் செங்கல் நிறப் பட்டைகள், மூக்கில் இருந்து பிடரி வரை தலைக்கு நடுவே மெல்லிய ஒரு கோடு. பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தால் சந்தேகம் வராது. பின்னால் இருந்த சுவரைப் பார்க்க வேண்டும். அங்கே இருந்த பிளக் பொயின்ட் இரண்டு தட்டைத் துளை உள்ள அமெரிக்க வகை. கொழும்பில் எந்த வீட்டில் அப்படி இருக்கிறது? படத்தை கூகிளில் போட்டுத் தேடியபோது வெளிநாட்டு வளர்ப்பாளர் ஒருவருடைய பழைய விற்பனைப் படம் வந்தது.

விலை சொன்ன விதம்தான் கெட்டிக்காரத்தனம். சாதாரணக் குட்டி 55,000. "ஹெட் அல்பினோ" என்றால் 85,000. அல்பினோ என்றால் கறுப்பு நிறமி இல்லாத வெளிறிய பாம்பு. ஹெட் என்றால், அதற்கான மரபணு உள்ளே இருக்கும், வெளியே தெரியாது. பார்வைக்கு அது சாதாரணப் பாம்புதான். இரண்டு ஹெட் பாம்புகள் சேர்ந்து குட்டி போட்டால் அதில் சில அல்பினோவாக வரலாம். தாய் தகப்பன் யார் என்று எழுத்தில் இல்லாமல், குட்டியைப் பார்த்து மட்டும் இதை எவராலும் நிரூபிக்க முடியாது. பார்த்து நிரூபிக்க முடியாத அந்த ஒரு சொல்லுக்கு 30,000 ரூபா. நல்ல வியாபாரம்!

அமெரிக்காவில் வளர்ப்பாளர்களிடம் சாதாரண நிறப் போவாக் குட்டி ஒன்று ஏறக்குறைய 100 முதல் 200 டொலர் வரை போகும். டொலர் 300 ரூபா என்று வைத்தால் பாம்புக்கு மட்டும் 30,000 முதல் 60,000 வரை. அதற்கு மேல் விமானச் செலவு, போவா சைட்டிஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் ஏற்றுமதி நாட்டின் அனுமதிப் பத்திரம், இங்கே வனஜீவராசிகள் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி, தனிமைப்படுத்தல். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்து ஒரு குட்டியை 55,000 ரூபாவுக்கு விற்று யாருக்கும் கட்டாது. ஆக, ஒன்று கடத்தல், அல்லது அது போவாவே இல்லை. பாங்கொக்கில் இருந்து பயணப் பைக்குள் பாம்பு வைத்துக்கொண்டு வந்து கட்டுநாயக்காவில் மாட்டியவர்கள் உண்டு. எங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது வகை.

முற்பணம் 40,000 வங்கிக் கணக்குக்கு. மிச்சம் கையில், தெமட்டகொடையில் ஒரு பெற்றோல் ஷெட் பக்கத்தில். வீட்டு முகவரி தர மாட்டார், பாம்பு இருக்கும் இடத்தைக் காட்ட மாட்டார். "வேறு பாம்புகளுக்கு நோய் தொற்றும் தம்பி" என்று காரணம் வேறு. மூடியில் ஆணியால் துளை போட்ட ஐஸ்கிறீம் டப்பாவில் பாம்பு வந்தது. ஓட்டோவில் வெள்ளவத்தை வரும்வரை மூடியைத் திறக்க வேண்டாம், வெளிச்சம் பட்டால் பயந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இரவு எனக்குப் போன் வந்தது. "மாமா, சீறிக்கொண்டே இருக்கு, கையை நீட்டினால் கொத்த வருது." போய் டோர்ச் அடித்துப் பார்த்தேன். மேலுதட்டில், மூக்கு நுனிக்குப் பக்கத்தில், ஊசியால் குத்தினது போலக் குழிகள். வெங்கிணாந்திக்கு வெப்பத்தை உணரும் குழிகள் அவை. போவாவும் வெப்பத்தை உணரும், ஆனால் அதன் உதட்டில் கண்ணுக்குத் தெரியும் குழி கிடையாது. தலையின் மேல் நடுக்கோட்டுக்குப் பதில் ஈட்டி முனை போல ஒரு அடையாளம். போவாவின் உச்சந்தலை முழுவதும் பொடிப்பொடிச் செதில். இதில் மூக்குக்கும் கண்ணுக்கும் இடையில் பெரிய தகடுகள். இவ்வளவும் கூடத் தேவையில்லை, கழுத்துச் செதிலுக்குள் உண்ணி ஒன்று உப்பிப்போய் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பிறந்து வளர்ந்த குட்டியின் உடம்பில் காட்டு உண்ணி எப்படி ஏறும்? எங்கேயோ வயல் கரையிலோ பற்றைக்குள்ளோ பிடித்த குட்டி. பிடித்தவருக்கு ஆயிரம் இரண்டாயிரம் கிடைத்திருந்தால் பெரிது.

அடுத்த நாள் படங்களைப் பார்த்த மிருக வைத்தியர் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. உள்ளூர் வெங்கிணாந்தி, வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்றார்.

காசைத் திருப்பிக் கேட்டு மருமகன் வட்ஸ்அப்பில் எழுதியதற்கு வந்த குரல் பதிவை நான் இன்னும் வைத்திருக்கிறேன். கோபமே இல்லாத குரல். "போய் பொலிசில சொல்லுங்கோ தம்பி. பாம்பு உங்கட வீட்டிலதானே இருக்கு." அதோடு பிளொக்.

இந்த ஏமாற்று நடப்பதே அந்த ஒரு வசனத்தை நம்பித்தான். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெங்கிணாந்தி பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டுப் பாம்பாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. வாங்கியவர் பயத்தில் வாயைத் திறக்க மாட்டார் என்பது விற்பவருக்கு நன்றாகத் தெரியும். பயந்து இரவோடிரவாக வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் விட்டுவிடலாம் என்று வீட்டில் ஒரு யோசனை வந்தது. விடவில்லை. 1992 என்ற வனஜீவராசிகள் திணைக்கள இலக்கத்துக்கு அழைத்து, உரையாடல், வங்கிச் சிட்டை எல்லாவற்றோடும் பாம்பை ஒப்படைத்தோம். நடந்ததை நடந்தபடி சொன்னோம். வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், அவர்களுக்கு இந்தக் கதை புதிதாகவும் தெரியவில்லை.

இதே ஆள் "குட்டை போவா, நாலடிக்கு மேல் வளராது, 25,000" என்றும் விற்கிறார். படத்தில் இருப்பது மன்னார்ப் பக்கம் போன்ற வறண்ட மணல் நிலங்களில் இருக்கும் மண்ணுளிப் பாம்பு. அதுவும் போவாக் குடும்பம்தான், ஆகவே பொய் சொல்லவில்லை என்று வாதாடக் கூடும்! எனக்குப் பயம் அதுவல்ல. பருத்த உடம்பு, கரும்பழுப்புத் திட்டுகள், கட்டையான வால் எல்லாம் சேர்ந்து அந்தப் பாம்பு கண்ணாடி விரியன் போலவே தெரியும். பிடித்துக் கொடுக்கிறவர் ஒரு தடவை மாறிப் பிடித்தால், ஐஸ்கிறீம் டப்பாவைத் திறக்கிற பிள்ளையின் கதி?

சரி, கடத்தி வந்த உண்மையான போவாவே கிடைக்கிறது என்று வைப்போம். அதிலும், புதிதாகப் பாம்பு வளர்க்கிறவருக்கு முதல் பாம்பாகப் போவா நல்லது என்ற பேச்சுப் பொருந்தாது. போவாக்களுக்கு வைரஸால் வரும் ஐபிடி என்றொரு நோய் உண்டு. வெளியே ஒன்றும் காட்டாமல் நீண்ட காலம் உள்ளே இருக்கும், மருந்து கிடையாது. சோதித்த பத்திரம் இல்லாத பாம்பை வாங்குவது குருட்டுச் சீட்டு. பெண் போவா ஆறு முதல் எட்டு அடி வரை வளரும். நன்றாகப் பார்த்தால் 20 முதல் 30 வருடம் இருக்கும். வெள்ளவத்தை பிளட்டில் ஆறடி நீளம் இரண்டடி அகலம் உள்ள பெட்டியை எங்கே வைப்பது, எலிக்கு எங்கே போவது, வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று அந்த விளம்பரத்தில் ஒரு வரி இல்லை. ஆனால் 12,000 ரூபாவுக்கு சூட்டு விளக்கு ஒன்றைத் தள்ளப் பார்த்தார். போவாவுக்குப் பெட்டியின் சூடான மூலையில் 31 முதல் 33 பாகை போதும். கொழும்பில் ஏசி இல்லாத அறை பகலில் அதற்குக் கிட்டப் போய்விடும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி இல்லாமல் அந்த விளக்கைப் போட்டால் பாம்பு வெந்துவிடும்.

யாராவது உங்களிடம் அனுமதிப் பத்திரம் இருக்கிறது என்றால், முற்பணத்துக்கு முன் அதன் முழுப் படத்தையும், பாம்பின் தலையை மேலிருந்தும் பக்கவாட்டிலும் அன்றைய பத்திரிகையோடு எடுத்த படத்தையும் கேளுங்கள். பத்திரத்தை வனஜீவராசிகள் திணைக்களத்தின் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்தில் காட்டி விசாரிக்கலாம். போன வாரம் மருமகனின் நண்பன் வேறொரு விற்பனையாளரிடம் இப்படிக் கேட்டிருக்கிறான். பத்திரத்தின் படம் உடனே வந்தது. விலங்கின் பெயர் இருக்க வேண்டிய வரியின் மேல் அவருடைய பெருவிரல் இருந்தது.