அடிப்பக்கத்து முத்திரையை நம்பி 140 பவுண்டு போயிற்று

லண்டனுக்கு வந்த பிறகு பிடித்த பைத்தியம் எனக்கு இந்தப் பழைய ஆங்கிலேயப் பீங்கான். அதற்கு இந்த மாதம் கட்டிய அபராதம் 140 பவுண்டு. இதே குழியில் இன்னொருவர் விழக் கூடாது என்று எழுதுகிறேன்.

பொருள் ஒரு சிறிய பால் ஜக். வெளிர்நீல ஜாஸ்பர், அதாவது வெட்ஜ்வுட் நிறுவனத்தின் மெருகு பூசாத பீங்கான் வகை; மேலே வெள்ளையில் கிரேக்க மங்கையர். இணைய ஏலத்தில் 'ஜோசையா வெட்ஜ்வுட் காலத்தது, 1790 வாக்கில்' என்று போட்டிருந்தார்கள். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய அவர் இறந்தது 1795-இல், காலம் பொருந்துகிறது. அடிப்பக்கப் படத்தில் வெட்ஜ்வுட் என்ற பெயர் மட்டும் பதிந்திருந்தது.

நானும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. முத்திரைகளைப் பட்டியலிடும் மூன்று இணையதளங்களில் ஒப்பிட்டேன். மூன்றும் ஒன்றையே சொல்லின: பெயர் மட்டும் இருந்தால் 1891-க்கு முந்தையது. அமெரிக்கா 1890-இல் கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டை எழுதச் சொன்னது. அதனால் 1891 முதல் 'இங்கிலாந்து' என்ற சொல் பெயருக்குக் கீழே வந்தது. என் ஜக்கில் அது இல்லை, ஆகவே பழையது. கணக்கு இவ்வளவு சுலபமாக முடிந்தபோதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

வாங்கிய ஜக்கைப் பெருமையாகக் காட்டத்தான் பழம்பொருள் சந்தைக்குக் கொண்டுபோனேன். அங்கே பல ஆண்டுகளாகக் கடை போடும் ஒரு மூதாட்டி மங்கையரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜக்கைக் கவிழ்த்தார், டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினார், பெயருக்குக் கீழே நகத்தால் வருடினார். பிறகு என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். ஒரு சொல் உட்காரும் அகலத்துக்கு மெல்லிய பள்ளம். ஈரப் பஞ்சால் துடைத்ததும் நீலச் சாயம் பஞ்சில் ஒட்டியது. நாட்டின் பெயரைத் தேய்த்து எடுத்துவிட்டு, தழும்பின் மேல் வண்ணம் பூசியிருக்கிறார்கள்.

அதைவிட வெட்கம் அடுத்தது. பெயரின் எழுத்துகளைப் பார்க்கச் சொன்னார். நுனிகளில் சிறு கோடு எதுவும் இல்லாத, மழித்துவிட்டாற்போன்ற எழுத்து. வெட்ஜ்வுட் அந்த வடிவத்துக்கு மாறியது 1929-இல். அது விற்பனைப் படத்திலேயே தெளிவாகத் தெரிந்தது! 'என்ன இருக்கிறது' என்று பட்டியலில் தேடினேனே தவிர, 'எப்படி இருக்கிறது' என்று பார்க்கவில்லை. இல்லாத ஒரு சொல்லை வைத்து வயது கணித்திருக்கிறேன். ஒரு சொல்லை இல்லாமல் ஆக்க உப்புத்தாள் போதும். அந்தப் பட்டியல் எனக்கு உதவியதைவிட ஏமாற்றியவருக்குத்தான் அதிகம் உதவியிருக்கிறது.

விற்றவருக்கு எழுதினேன். 'நான் நிபுணன் அல்ல, முத்திரையைப் பார்த்து எழுதினேன், தனிநபர் விற்பனை, திரும்ப வாங்குவதில்லை' என்று இரண்டு வரிப் பதில். தனிநபராம், தன் விற்பனைப் பக்கத்தில் இருநூறுக்கு மேல் பொருள்கள் வைத்திருக்கிறார். வணிகரிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் மனம் மாறித் திருப்பித் தரும் உரிமை இங்கே உண்டு. அதைத் தவிர்க்கத்தான் இந்த வேடம் என்பது என் எண்ணம்.

அதே பக்கத்தை இப்போது துருவிப் பார்த்தால் வேறு வித்தைகளும் தெரிகின்றன. வெட்ஜ்வுட் பெயரின் நடுவில் ஆங்கில 'ஈ' (E) எழுத்து ஒன்று கூடுதலாக உள்ள தட்டு ஒன்று 'அரிய வெட்ஜ்வுட்' என்று கிடக்கிறது. அது ஸ்டாக்டனில் வில்லியம் ஸ்மித் நிறுவனம் அடித்த பெயர். அசல் நிறுவனம் 1848-இல் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. வைர வடிவ முத்திரை உள்ள கிண்ணத்துக்குத் துல்லியமாக நாள், மாதம், ஆண்டு போட்டிருக்கிறார். 1842 முதல் 1883 வரை இருந்த அந்த முத்திரை, வடிவமைப்பு பதிவான நாளைத்தான் சொல்லும். கிண்ணம் சூளையிலிருந்து வந்த நாளை அல்ல. அந்தப் பதிவேடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பணம் கட்டும் முன் அங்கே பாருங்கள். ஜாஸ்பர் வாங்குவதாக இருந்தால் ஸ்டோக் அருகே பார்லஸ்டனில் உள்ள வெட்ஜ்வுட் சேகரிப்பை ஒரு நாள் நின்று பாருங்கள். ரயில் கட்டணம் என் ஜக்கைவிட மலிவு. அடிப்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

விவரிப்புக்கு மாறான பொருள் என்று ஏலத் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. நேற்று அவர் பக்கத்தில் இன்னொரு நீல ஜக் ஏறியிருக்கிறது. அடிப்பக்கப் படம் இந்த முறை கொஞ்சம் மங்கலாக இருக்கிறது.