மூன்று கன்வெர்ட்டர் மாற்றிய பிறகு புரிந்தது: நான்கு வருட ஆர்.எஸ்.485 அனுபவம்

பல்லடம் பக்கத்து நூற்பாலை ஒன்றில் 18 எனர்ஜி மீட்டர்களை ஒரே கம்ப்யூட்டரில் படிக்கும் வேலை என் தலையில் விழுந்து நான்கு வருடம் ஆகிறது. மீட்டர்கள் எல்லாம் மோட்பஸ், அதாவது கம்ப்யூட்டர் முகவரி சொல்லிக் கேட்டால் பதில் தரும் மொழி பேசுபவை. நடுவில் இருப்பது உள்ளங்கையில் அடங்கும் யு.எஸ்.பி – ஆர்.எஸ்.485 கன்வெர்ட்டர். ஆர்.எஸ்.485 என்பது ஏ, பி என்ற இரண்டு கம்பியில் பல கருவிகளை ஒரே லைனில் இணைக்கும் முறை; கன்வெர்ட்டர் அதைக் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி.க்கு மாற்றித் தரும். முதல் வருடத்திலேயே மூன்று மாற்றினேன். உண்மையில் செத்தது ஒன்றுதான். மற்ற இரண்டின் மேலும் வீண்பழி.

மேஜையில் ஒரு மீட்டரை வைத்து ஏ-க்கு ஏ, பி-க்கு பி என்று பார்த்துப் பார்த்து முறுக்கினேன். பதிலே இல்லை. இரண்டையும் மாற்றிப் போட்டதும் எண்கள் கொட்டின. எது ஏ, எது பி என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. மாற்றிப் போட்டுப் பார்ப்பதால் எதுவும் கருகாது, தைரியமாகச் செய்யலாம்.

மேஜையில் ஓடியது ஷெட்டில் ஓடவில்லை. பகலில் சரியாக இருக்கும், ராத்திரி ஷிஃப்டில் ஏழெட்டு மீட்டர் காணாமல் போகும். எங்கள் எலக்ட்ரீஷியன், "ஏனுங்க சார், பேனலுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கட்டியுட்டா சரியாப் போயிருமுங்க" என்றார். அவர் சிரிக்காமல் சொன்னதால் நானும் சிரிக்கவில்லை.

கேபிளின் தடம் பிடித்துக்கொண்டே நடந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ், அங்கிருந்து ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனிக் கிளை. விளக்குக்கு வயர் இழுக்கிற பழக்கத்தில் இழுத்திருக்கிறார்கள். 485-க்கு அது ஆகாது. ஒரு மீட்டரில் நுழைந்து, அதே முனையிலிருந்து அடுத்த மீட்டருக்குப் போக வேண்டும், பூத்தொடுத்த மாதிரி. கிளைகளில் சிக்னல் மோதித் திரும்பி வந்து தகவலைக் கெடுத்துவிடுகிறது.

அடுத்தது 120 ஓம் ரெசிஸ்டர். முனையில் சிக்னல் மோதித் திரும்பாமல் விழுங்கிக்கொள்வது. லைனின் இரண்டு கடைசி முனைகளில் மட்டும் இருக்க வேண்டியது. யாரோ நல்லெண்ணத்தில் நடுவிலும் இரண்டு மீட்டரில் அதை இணைக்கும் சுவிட்சைத் தள்ளியிருந்தார்கள். இதைப் பிடிக்க எளிய வழி: எல்லா மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு ஏ, பி இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 60 ஓம் சுமாருக்குக் காட்டினால் சரி. எனக்கு 30 காட்டியது. இந்த ஒரு அளவை முதல் நாளே எடுத்திருந்தால் இரண்டு கன்வெர்ட்டர் காசு மிச்சமாகியிருக்கும்.

செத்துப்போன அந்த ஒன்றுக்குக் காரணம் எர்த். கம்ப்யூட்டர் ஆபீஸ் யு.பி.எஸ்.ஸில், மீட்டர்கள் ஷெட்டில். இரண்டு இடத்து எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். 485 ரிசீவர் தாங்குவது மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட் வரைதான். "இரண்டு கம்பி போதும்" என்று விற்பவர் சொல்வார், நம்பாதீர்கள். சிக்னல் கிரவுண்டுக்கு மூன்றாவது கம்பி ஒன்று இழுத்தேன். இரண்டு பக்கத்துக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாதபடி தனிமைப்படுத்திய, அதாவது ஐசொலேட்டட் கன்வெர்ட்டருக்கும் மாறினேன். விலை பல மடங்கு, ஆனால் அந்த ஒன்றுதான் இன்றுவரை ஓடுகிறது. ஷீல்டை, அதாவது கேபிளுக்குள் கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறையை, ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தோம். மின் இரைச்சல் கிளப்பும் இன்வெர்ட்டர் டிரைவில் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஓடும் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போன பகுதியைப் பிரித்து எடுத்தோம். ராத்திரித் தொல்லை அதோடு நின்றது.

மென்பொருள் பக்கம் தலைவலி குறைவு. வேறு யு.எஸ்.பி. துளையில் செருகினால் காம் போர்ட் எண் (கம்ப்யூட்டர் கன்வெர்ட்டருக்கு வைக்கும் எண்) மாறிவிடும், அதனால் துளைக்குப் பெயின்ட் பொட்டு வைத்துவிட்டேன். விண்டோஸ் யு.எஸ்.பி.யைத் தூங்கவைக்கும் வசதியை நிறுத்தியாயிற்று. வேகம் நொடிக்கு 9600 பிட்தான். நிமிடத்துக்கு ஒரு தடவை படிக்க அதற்கு மேல் எதற்கு? போன வருடம் ஒரு மீட்டரை மாற்றியபோது மட்டும் ஒரு நாள் வீணானது. புதியது முகவரி 1-உடன் வந்தது, லைனில் ஏற்கெனவே ஒரு 1 இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் பேச, வந்தது வெறும் குப்பை.

ஜெனரேட்டர் கிளம்பும் நொடியில் 14-ஆம் மீட்டர் இப்போதும் ஒரு தடவை பதில் சொல்லாமல் விடும். மறுபடி கேட்டால் சொல்லிவிடுகிறது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.