கெட்டி அட்டையா, பேப்பர்பேக்கா, மறுபதிப்பா: பழைய அறிவியல் புனைகதைகளைச் சேகரிப்பவருக்கு

1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் வெளிவந்த அறிவியல் புனைகதைகளைச் சேகரிக்கத் தொடங்குபவர், கெட்டி அட்டை முதற்பதிப்பே எல்லாவற்றிலும் உயர்ந்தது என்ற எண்ணத்துடன் தொடங்குவது வழக்கம். பொது இலக்கியத்தில் இது பெரும்பாலும் பொருந்தும். அங்கே நாவல் முதலில் கெட்டி அட்டையில் வரும், பின்னரே மலிவுப் பதிப்பாகும். அறிவியல் புனைகதையிலோ முக்கியமான பல நாவல்கள் நேராகப் பேப்பர்பேக்கிலேயே பிறந்தன. குர்ட் வானகட்டின் 'த சைரன்ஸ் ஆஃப் டைட்டன்' 1959இல் டெல் நிறுவனத்தின் பேப்பர்பேக்காக வெளிவந்தது. அதன் கெட்டி அட்டைப் பதிப்பு 1961இல்தான் வந்தது. உர்சுலா லெ குவினின் 'த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' 1969இல் முதலில் ஏஸ் பேப்பர்பேக்காக வந்தது. அதே ஆண்டில் வாக்கர் வெளியிட்ட கெட்டி அட்டைப் பதிப்பு கால வரிசையில் அதற்குப் பிந்தியதே. விலை மிகுந்தது எது, முதலில் வந்தது எது என்பவை இத்துறையில் இரு வேறு கேள்விகள்.

கெட்டி அட்டைப் பதிப்புகளின் ஈர்ப்பை நான் மறுக்கவில்லை. அவற்றில் பலவற்றை வெளியிட்டவை ரசிகர்களே நடத்திய சிறு பதிப்பகங்கள். திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதைகளை நூலாக்குவதற்கென்றே 1939இல் விஸ்கான்சினில் தொடங்கப்பட்ட ஆர்க்கம் ஹவுஸ், தன் முதல் நூலை 1,268 படிகளே அச்சிட்டது. 1948இல் தொடங்கிய நோம் பிரஸ், அசிமோவின் 'ஐ, ரோபோட்' (1950), 'ஃபவுண்டேஷன்' (1951) ஆகியவற்றை முதன்முதலில் நூலாகக் கொண்டுவந்தது. மேலுறை கிழியாமல் இருந்தால் இவற்றுக்கு ஒரு விலை, மேலுறையே இல்லையென்றால் அதில் ஒரு சிறு பங்குதான். நல்ல நிலையிலுள்ள படி இன்று மாதச் சம்பளக்காரரின் கைக்கு எட்டாது.

எட்டக்கூடியதாகத் தோன்றுவது புத்தகக் கிளப் பதிப்பு, அதாவது கிளப் தன் உறுப்பினர்களுக்கென மலிவாக அச்சிட்ட பதிப்பு; ஏமாற்றமும் அங்கேதான் மிகுதி. 1953இல் தொடங்கிய சயின்ஸ் ஃபிக்‌ஷன் புக் கிளப்பின் படிகள் தொலைவிலிருந்து பார்த்தால் கடைப் பதிப்புகளைப் போலவே இருக்கும். மேலுறையின் உள்மடிப்பில் விலை அச்சாகியிருக்காது. தாள் தரம் குறைந்தது. டபுள்டே வெளியிட்ட நூல்களானால், கடைப் பதிப்பின் காப்புரிமைப் பக்கத்தில் 'முதற்பதிப்பு' என்ற வரி இருக்கும், கிளப் படியில் இருக்காது. கடைசிப் பக்கங்களில் தையலை ஒட்டித் தென்படும் எழுத்தும் எண்களும் கொண்ட குறியீட்டைப் பார்த்ததும் 'கிளப் படி' என்று முடிவு கட்டிவிடுவோர் உண்டு. அச்சிட்ட காலத்தைக் காட்டும் அக்குறியீடு கடைப் பதிப்புகளிலும் காணப்படுவதால், அதை மட்டும் சான்றாகக் கொள்ளலாகாது. படிப்பதற்கு வாங்கினால் கிளப் படியில் குறையில்லை. சேகரிப்பு மதிப்புக்காக வாங்குவது வீண்.

என் தேர்வு ஏஸ் டபுள் வரிசை. இரண்டு நாவல்களை ஒன்றுக்கொன்று தலைகீழாக வைத்து ஒரே நூலாகக் கட்டியிருப்பார்கள்; பின்னட்டை என்பதே கிடையாது, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு முன்னட்டை. டொனால்ட் வோல்ஹைம் பதிப்பாசிரியராக இருந்த இவ்வரிசையில்தான் பிலிப் கே. டிக்கின் முதல் நாவலான 'சோலார் லாட்டரி' 1955இல் வெளிவந்தது. லெ குவினின் முதல் நாவலும் 1966இல் இங்கேதான் வந்தது. அட்டை எண்ணின் முன்னெழுத்தே விலையைச் சொல்லிவிடும்: டி என்றால் 35 சென்ட், எஃப் என்றால் 40. பெரிய பெயர்களை விட்டுவிட்டால் இன்றும் இவை நியாயமான விலைக்கே கிடைக்கின்றன. ஆனால் அமிலம் கலந்த மலிவுத் தாள் பழுப்பேறி நொறுங்கும், முதுகுப் பசை காய்ந்து ஏடுகள் கழன்றுவிடும்; வெயில் படாமல் வைத்தே தீர வேண்டும்.

இவ்வரிசையின் உண்மையான பலவீனம் பாடம், அதாவது அச்சான நாவலின் உரைதான். பக்க அளவுக்குள் அடக்குவதற்காக நாவல்கள் வெட்டப்பட்டன, தலைப்புகள் மாற்றப்பட்டன. 'சோலார் லாட்டரி'யின் 1956 பிரிட்டிஷ் பதிப்பு வேறு தலைப்புடன் மட்டுமன்றி வேறுபட்ட பாடத்துடனும் வந்தது. இங்கே மறுபதிப்புகள் முந்திக்கொள்கின்றன. பிரிட்டிஷ் பதிப்பகமான கொலான்ஸின் எஸ்எஃப் மாஸ்டர்வொர்க்ஸ் வரிசை 1999 முதல் வருகிறது. லைப்ரரி ஆஃப் அமெரிக்கா என்ற பதிப்பகம் 1950களின் ஒன்பது நாவல்களை 2012இல் இரண்டு தொகுதிகளாக, அமிலமற்ற தாளில், கேரி கே. வுல்ஃபின் குறிப்புகளோடு வெளியிட்டது. படிக்க இதைவிடச் சிறந்த வடிவம் எனக்குத் தெரியாது. சேகரிப்பாளருக்கு அதில் தேடிக் கண்டெடுக்கும் இன்பம் இல்லை என்பது உண்மைதான்.

மிகுபுனைவுக்கு (ஃபேன்டஸி) வந்தால் கணக்கு மாறுகிறது. 1969 முதல் 1974 வரை லின் கார்ட்டரின் ஆலோசனையில் பாலன்டைன் வெளியிட்ட அடல்ட் ஃபேன்டஸி வரிசை பெரும்பாலும் மறுபதிப்புகளால் ஆனது. ஆயினும் ஹோப் மிர்லீஸ் 1926இல் எழுதி மறக்கப்பட்டிருந்த 'லட்-இன்-த-மிஸ்ட்' போன்றவற்றை மீண்டும் வாசகரிடம் சேர்த்தது இதுவே என்பதால், ஒற்றைக்கொம்புக் குதிரைத் தலைச் சின்னம் பொறித்த அந்த நூல்களைச் சேகரிப்பவர்கள் முதற்பதிப்புகளைத் தேடுவதுபோலவே தேடுகிறார்கள்.

எங்கே தேடுவது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. பழைய நூல்களுக்கான இணையச் சந்தையான அபேபுக்ஸில் உள்ள தொழில்முறை விற்பனையாளர் கூடுதலாக விலை சொல்வார், ஆனால் நூலின் குறைகளையும் எழுதிவிடுவார். ஈபேயில் மலிவாகக் கிடைக்கலாம், 'முதற்பதிப்பு' என்ற சொல்லோ அங்கே தாராளமாகப் புழங்கும். விலையுயர்ந்த கெட்டி அட்டையை முன்னவரிடமும், பேப்பர்பேக்குகளைப் பின்னதிலும் வாங்குவதே நல்லது. இரண்டிலும் காப்புரிமைப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கி, அறிவியல் புனைகதை நூல்களைப் பட்டியலிடும் ஐஎஸ்எஃப்டிபி என்ற இணையத் தரவுத்தளத்திலுள்ள பதிப்பு விவரத்தோடு ஒப்பிட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும். ஒரே ஒரு பேப்பர்பேக்கை அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வரவழைத்தால் தபால் செலவு நூலின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே ஒரே விற்பனையாளரிடம் பத்துப் பன்னிரண்டைச் சேர்த்து வாங்குவதே கட்டுப்படியாகும்.