அண்ணியின் களிம்பு

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இந்தச் சித்திரையில் லண்டனிலிருந்து கும்பகோணம் போயிருந்தேன். வங்கி, ஆதார், பட்டா என்று அலைந்த வேலைகள் எல்லாம் நல்லபடியாகவே முடிந்தன. என்னை உலுக்கியது மருந்துக்கடை.

அண்ணிக்குப் பாவாடை நாடா கட்டும் இடத்தில் படர்தாமரை, பூஞ்சையால் வரும் தோல் நோய். கதவைச் சாத்திக்கொண்டு காட்டினார். "மூன்று நாள் தடவினால் அடங்கிவிடுகிறது, விட்டால் திரும்ப வந்துவிடுகிறது" என்றார். எட்டு மாதமாக இதே கதை. தெருமுனைக் கடையில் நானே போய், "அரிப்புக்குக் களிம்பு" என்றேன். சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. அண்ணி தடவிவந்த அதே டியூப் கைக்கு வந்தது.

பொடி எழுத்தைப் படித்தேன். பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசாலும் இருந்தது. பூசும் ஸ்டீராய்டுகளில் மிக வீரியமான வகை அது. பூஞ்சையோடு தோல் நடத்தும் சண்டையை அது அடக்கிவிடும். சிவப்பும் அரிப்பும் மறையும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை அந்த டியூபின் மேலேயே அச்சாகியிருக்கிறது. 2018இல் மத்திய அரசு 14 பூசும் ஸ்டீராய்டுகளை, சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. லண்டனில் வீரியம் குறைந்த வகையைக் கேட்டால்கூட, யாருக்கு, எந்த இடத்தில் என்று விசாரித்து, ஒரு வாரத்துக்கு மேல் தடவாதீர்கள் என்று சொல்லித்தான் தருவார்கள். அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மறுநாள் காலை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனேன். வெளிநோயாளர் சீட்டுக்குக் காசு இல்லை. பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அந்த இளம் மருத்துவர் பிளேடின் விளிம்பால் தோலை மெல்லச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து, ஒரு சொட்டு திரவம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். அண்ணியையும் பார்க்கச் சொன்னார். கணுக்கணுவாக, மூங்கில் கிளை போல, பூஞ்சை இழைகள்.

"களிம்பை நிறுத்தியதும் அரிப்பு கூடும். பயந்து மறுபடியும் தடவிவிடாதீர்கள் அம்மா" என்றார். மாத்திரை பல வாரம். மறைந்துவிட்டது என்று பாதியில் விடக் கூடாது. துண்டு ஆளுக்கு ஒன்று, துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். அண்ணனையும் வரச் சொன்னார்; அவர் தொடையிலும் இருந்தது.

இடுப்பில் வெளிறிய வரிகள் இருந்தன. பிள்ளைப்பேற்றுத் தழும்பு என்றே அண்ணி நினைத்திருந்தார். களிம்பு தோலை மெலிய வைத்ததால் வந்தவை அவை, முழுதாக மறையாது என்றார் மருத்துவர்.

ஆறு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினோம். அரிப்பு போய்விட்டதாம், ராத்திரி தூங்குகிறாராம். வரிகள் அப்படியே இருக்கின்றனவாம்.