பன்னிரண்டாவது பிரெட்டுக்கு மேலே: ஏழு வருசம் வாசித்துப் பார்த்ததில்

2017இல் பாவித்த கிற்றார் ஒன்று வாங்கினேன். பெரிய உடம்பு, ட்ரெட்நாட் என்கிற வகை, மேல் பிரெட்டுகளுக்குக் கை போக உடம்பில் வெட்டிவிடும் கட்அவே இல்லை, கழுத்து 14ஆவது பிரெட்டில் (பிரெட் என்றால் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி, தலையில் இருந்து உடம்பை நோக்கி எண்ணுவது) உடம்போடு சேரும். முதல் மூன்று வருசம் 5ஆவது பிரெட்டைத் தாண்டிப் போனதே இல்லை. ஜி, சி, டி, ஈ மைனர் என்று நாலு கோட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு), பாடுகிறவருக்குச் சுருதி சேராவிட்டால் காப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திச் சுருதியைக் கூட்டும் கவ்வி), மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் கோயில் பாடகர் குழாமுக்கு அது போதுமாக இருந்தது. அப்புறம் புளியந்தீவில் ஒரு பறங்கியர் கலியாண வீட்டில் வயலின் வாசிக்கிற அங்கிள் ஒருவரோடு சேர்ந்து வாசிக்கக் கிடைத்தது. அவர் வயலினில் மேலே ஏறி ஏறிப் போகிறார், நான் கீழே அதே நாலு கோட்டை அடித்துக்கொண்டு நிற்கிறேன், இரண்டும் ஒட்டவே இல்லை. சாப்பாட்டு நேரம் அவர் சொன்னார், "தம்பி, அந்தக் கழுத்தில பாதி இடம் சும்மா கிடக்குது, அங்கயும் வாங்களன்."

அன்றிரவே போய்ப் பார்த்தேன். கை வலித்ததுதான் மிச்சம். 10ஆவது பிரெட்டில் அழுத்தினால் சுருதி கூடிப் போய் ஒலிக்கிறது, விரல் நுனி எரிகிறது. எனக்குத்தான் வராது என்று நினைத்து ஒரு வருசம் அப்படியே விட்டுவிட்டேன், அந்த ஒரு வருசத்தை நினைத்தால் இப்பவும் கவலைதான். ஏனென்றால் பிழை கையில் இல்லை, கம்பியின் உயரத்தில். 12ஆவது பிரெட்டின் மேல் ஒரு சின்ன அடிமட்டத்தை நிறுத்திப் பார்த்தபோது தடித்த ஈ கம்பி மூன்றரை மில்லிமீற்றர் உயரத்தில் நின்றது. இரண்டரைக்குக் கிட்ட இருந்தால் நல்லது. அவ்வளவு உயரத்தில் இருந்து கீழே அழுத்தும்போது கம்பி இழுபட்டு நீளும், சுருதி கூடுவது அதனால்தான்.

இங்கே பலர் உடனே எலன் கீயை எடுத்துக் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ரொட் என்ற உலோகத் தண்டை முறுக்குவார்கள், நானும் அதைத்தான் முதலில் செய்தேன். அது கழுத்தின் வளைவைச் சரி செய்யத்தான், மேல் பிரெட்டுகளில் கம்பியை இறக்க அதை நம்ப வேண்டாம். இறக்க வேண்டியது சேடிலை, அதாவது உடம்பில் கம்பிகளைக் கட்டும் பிரிட்ஜில், கம்பிகள் ஏறி நிற்கும் சின்னத் துண்டை. 12ஆவது பிரெட் கம்பியின் நடு என்பதால் அங்கே அரை மில்லிமீற்றர் குறைய வேண்டுமென்றால் சேடிலின் அடியில் ஒரு மில்லிமீற்றர் தேய்க்க வேண்டும். தட்டையான கண்ணாடியில் சாண்ட் பேப்பரை ஒட்டி, நேராகப் பிடித்து, கொஞ்சம் தேய்த்து, போட்டுப் பார்த்து, திரும்பவும் தேய்த்து, ஒரு முழுப் பின்னேரம் போயிற்று. ஆனால் மாற்றம் அப்படி ஒரு மாற்றம்! அதே கிற்றார், அதே விரல்கள், 9ஆவது பிரெட்டில் எஃப் கோட்டின் பிடி வெண்ணெய் மாதிரி விழுகிறது.

நான் விட்ட பிழை, அதை மாரியில் செய்தது. கார்த்திகை, மார்கழியில் வாவிப் பக்கக் காற்றின் ஈரத்துக்குப் பலகை ஊதி, பிரிட்ஜும் சேர்ந்து மேலே வரும், கம்பி உயரும். அந்த உயரத்துக்கு அளவாகத் தேய்த்துவிட்டேன். பிறகு வைகாசி, ஆனியில் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடித்தபோது பலகை காய்ந்து இறங்கி எல்லா பிரெட்டிலும் இரைச்சல். சேடிலுக்குக் கீழே விசிட்டிங் கார்ட் துண்டு வைத்துத்தான் அந்த வருசத்தை ஓட்டினேன். இப்போது என்னிடம் இரண்டு சேடில், கொஞ்சம் உயரமானது கச்சானுக்கு, பதிவானது மாரிக்கு. கம்பி மாற்றும்போது அதையும் மாற்றினால் சரி. கடலும் வாவியும் சூழ்ந்த எங்கள் ஊரில் கிற்றார் வைத்திருக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கைக்கு வருவோம். மேலே போகப் போக பிரெட்டுகள் நெருங்கும். கம்பியின் அதிர்கிற நீளம் 650 மில்லிமீற்றரான என்னுடைய கிற்றாரில் முதல் பிரெட்டின் இடைவெளி 36 மில்லிமீற்றருக்கு மேலே, 13ஆவதின் இடைவெளி அதில் சரிபாதி. அதனால் விரலை விரிக்கத் தேவையில்லை, ஒடுக்க வேண்டும். கீழே பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். பெருவிரலைக் கழுத்துக்குப் பின்னால் இறுக்கி வைத்திருந்தால் 12க்கு மேல் மணிக்கட்டு மடங்கிவிடும், அங்கே பெருவிரல் மெல்ல வெளியே வழுகி வர விட வேண்டும். இருந்து வாசித்தாலும் நான் ஸ்ட்ராப் போட்டுக் கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிக்கிறேன், பாதி வலி அதிலேயே போய்விட்டது.

என்ன வாசிப்பது? மெல்லிய மூன்று கம்பியில் மட்டும் சி கோட்டைத் தேடுங்கள். ஜி, பி, ஈ என்ற கம்பி ஒழுங்கில் அழுத்த வேண்டிய பிரெட்டுகள் 5-5-3, பிறகு 9-8-8, பிறகு 12-13-12. மூன்றும் சிதான், ஆனால் மூன்றுக்கும் மூன்று முகம். கடைசிப் பிடி நீங்கள் ஏற்கெனவே கீழே பிடிக்கிற அதே சி, ஒரு ஸ்தாயி மேலே. இந்த மூன்றை மட்டும் ஒரு மாதம் சுற்றிச் சுற்றி வாசித்தேன், வேறொன்றும் செய்யவில்லை. இன்னொன்று, முதல் கம்பியை, அதாவது மெல்லிய ஈ கம்பியை, எங்கும் அழுத்தாமல் மீட்டினால் வரும் ஈ, ஜி கம்பியில் 9ஆவது பிரெட்டிலும் உண்டு. சுருதி ஒன்று, ஆனால் அங்கே அது தடித்து, கனிந்து, பாடுகிற குரல் மாதிரி வரும். எங்கள் பாட்டுகளின் கமகத்துக்கும் அந்தப் பக்கம்தான் வாய்ப்பு, கம்பியின் நடுப்பகுதியில் இழுப்பது லேசு.

15, 16க்கு மேல் இந்த உடம்பில் எனக்கு இன்னும் சுத்தமாக வருவதில்லை. கிற்றார் உடம்பின் தோள் கையில் இடிக்கும். அதற்குக் கட்அவே உள்ளதுதான் வேண்டும், ஆனால் அந்த இரண்டு மூன்று பிரெட்டுக்காக இதை விற்க மனமில்லை. போன தைமாதம் அதே அங்கிளோடு திரும்ப வாசித்தேன். அவர் மேலே போனபோது நான் 9-8-8இல் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்து வில்லைத் தூக்கிக் காட்டிவிட்டு, அந்த அடியைத் திரும்பவும் முதலில் இருந்து எடுத்தார்.