வகுப்புக்கு வாட்ஸ்அப் குழுவா, கூகுள் கிளாஸ்ரூமா?

ஜூன் பிறந்தால் ஆசிரியர்களுக்கு வரும் குழப்பம் இது. கிளாஸ்ரூம் என்பது வீட்டுப்பாடம், மதிப்பெண் எல்லாம் பகிர்ந்துகொள்ள கூகுள் தரும் இணைய வகுப்பறை. செலவு இரண்டிலும் பெரிதாக இல்லை. கல்வி நிறுவனங்களுக்கான கூகுள் கணக்கின் அடிப்படை வடிவம் இலவசம்தான். பிள்ளைகளின் விவரம் எங்கே போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

யார் கண்ணில் படும்?
வாட்ஸ்அப்: குழுவில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும்.
கிளாஸ்ரூம்: எண்ணே தேவையில்லை. மதிப்பெண்ணை அந்த மாணவரும் ஆசிரியர்களும்தான் பார்ப்பார்கள்.

என் மகள் வகுப்புக் குழுவில் ஒருநாள் மதிப்பெண் பட்டியலைப் படமெடுத்துப் போட்டார்கள். பெயர், பிறந்த தேதி, கணக்கில் 17 வாங்கிய பையனுக்குச் சிவப்பு வட்டம் வேறு. இரவுக்குள் அந்தப் பையன் வீட்டுக்கு டியூஷன் சென்டரிலிருந்து அழைப்பு!

அழிக்க முடியுமா?
வாட்ஸ்அப்: சுமார் இரண்டரை நாளுக்குள் அனுப்பியவர் அழிக்கலாம். அதற்குள் நாற்பது கேலரியில் உட்கார்ந்துவிடும்.
கிளாஸ்ரூம்: பள்ளி வழங்கிய கணக்கு என்றால் பள்ளியே நீக்கலாம். சொந்த ஜிமெயிலில் சேர்த்தால் அந்தப் பிடி இல்லை.

எளிமை?
வாட்ஸ்அப்தான், சந்தேகமில்லை. பாட்டிக்குக்கூடத் தெரியும். கிளாஸ்ரூமில் பாஸ்வேர்டு மறந்த பிள்ளைகளுக்கே பாதி பீரியட் போய்விடும்.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்ட எல்லோரும் குழந்தைகளே; அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதே பொது விதி.

மழை விடுமுறை, பஸ் தாமதம் போன்றவற்றுக்கு வாட்ஸ்அப் போதும், அதுவும் அட்மின் மட்டும் பதிவிடும்படி. மதிப்பெண், விடைத்தாள், புகைப்படம் என்றால் கிளாஸ்ரூம். ஆதார் நகலா? இரண்டிலும் வேண்டாம், அலுவலகத்தில் நேரில் கொடுங்கள்.