ஜோம்பியா, எல்ஃபா, டிராகனா: மேசையைத் துடைத்த பிறகு எழுவது யார்?

சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஆடுவது மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டின் கமாண்டர் வகை. மேசைக்கு எப்போதும் அதே நான்கு பேர்தான். ஒருவர் டெக்கில் (கார்டுக் கட்டில்) என்ன இருக்கிறது என்பது மற்ற மூவருக்கும் மனப்பாடம். புதிய கார்டு வேண்டுமானால் ஈப்போவுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் தபாலுக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே ஓர் இனத்தைத் தேர்ந்தெடுத்தால் மாதக்கணக்கில் அதோடுதான் குடித்தனம். நான் ஜோம்பியை எடுத்தேன். அக்கா மகன் எல்ஃப், மச்சான் டிராகன், பக்கத்து வீட்டு அண்ணன் கோப்ளின்.

கமாண்டர் என்றால் 100 கார்டு, ஆளுக்கு 40 உயிர், மானா (கார்டு இறக்கச் செலவிடும் சக்தி) தரும் அடிப்படை நிலம் தவிர வேறு எந்தக் கார்டும் ஒன்றுக்கு மேல் கிடையாது. ஒரே இனமாகச் சேர்த்தால் ஒன்றையொன்று வலுப்படுத்தும் என்பதும் தெரிந்த கதை.

வேகத்தில் எல்ஃபை யாரும் தொட முடியாது. முதல் முறையில் மானா தரும் லானோவார் எல்வ்ஸ் இறங்கினால் இரண்டாவது முறையிலேயே மூன்று மானா கையில் இருக்கும். எல்விஷ் ஆர்ச்ட்ரூயிட் வந்துவிட்டால் மேசையில் எத்தனை எல்ஃபோ அத்தனை மானா. 2021இல் வந்த தயார் டெக்கின் (கட்டியே விற்கும் டெக்கின்) தலைவி, அதாவது கமாண்டர் கார்டு, லத்ரில். தன்னோடு பத்து எல்ஃபைச் சாய்த்தால் (பயன்படுத்தியதாகப் பக்கவாட்டில் திருப்பினால்) எதிரிகள் ஒவ்வொருவருக்கும் 10 உயிர் போகும். கோப்ளின் தலைவன் கிரென்கோ தன் கூட்டத்தை ஒரு சுற்றுக்குள் இரட்டிப்பாக்குவான். அது தெரிந்ததால் மூவரும் முதலில் அவனைத்தான் அடிக்கிறோம். அண்ணன் பாவம்.

ஆனால் நால்வர் மேசையில் வேகம் இரண்டாம்பட்சம். எதிரே மூன்று பேர். மூவரில் ஒருவர் கையிலாவது எல்லா உயிரினங்களையும் அழிக்கும் கார்டு இருக்கும். இருவர் ஆட்டத்தில் எப்போதாவது வருவது இங்கே ஏறக்குறைய ஒவ்வோர் ஆட்டத்திலும் வரும். எங்கள் மேசையில் அது பிளாஸ்பீமஸ் ஆக்ட். அச்சிட்ட விலை ஒன்பது மானா. மேசையில் உள்ள ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஒன்று குறையும். எட்டு உயிரினம் இருந்தாலே ஒரே ஒரு சிவப்பு மானா போதும், எல்லாவற்றுக்கும் 13 சேதம். எல்ஃபும் கோப்ளினும் கூட்டம் சேர்க்கச் சேர்க்க, தங்களை அழிக்கும் கார்டைத் தாங்களே மலிவாக்குகிறார்கள்.

அதன் பிறகு நடப்பதைப் பாருங்கள். எல்ஃபுக்குப் படையும் மானாவும் ஒன்றே. படை போனால் மானாவும் போகும். இறந்த தலைவியைத் திரும்ப அழைக்க இரண்டு மானா கூடுதல், நான்கு ஆறாகிறது. மிஞ்சுவது நாலைந்து நிலம். அக்கா மகன் கையில் கார்டுகளை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

என் தலைவன் வில்ஹெல்ட். அவனும் 2021 தயார் டெக்கில் வந்தவன்தான். வேறொரு ஜோம்பி இறந்தால், அது அழுகிய டோக்கனாக (கார்டு இல்லாமல் உருவாகும் உயிரினமாக) இல்லாதவரை, அதற்குப் பதிலாக 2/2 (தாக்கும் வலு 2, தாங்கும் வலு 2) அழுகிய ஜோம்பி ஒன்று எழும். வில்ஹெல்டும் சேர்ந்தே செத்தாலும் கணக்கு செல்லும். மச்சான் ஒற்றைச் சிவப்பு நிலத்தைச் சாய்த்து மேசையைத் துடைத்தபோது எனக்கு ஏழு ஜோம்பியும் வில்ஹெல்டும் போனார்கள். ஏழு டோக்கன் எழுந்தன. மற்றவர்கள் பக்கம் வெறும் நிலம். அழுகியவை தடுக்காது, ஒரு தாக்குதலோடு சரி. ஆனால் எதிரே தடுக்க ஆளில்லாதபோது அந்த ஒரு தாக்குதல் 14 சேதம். "மாமா, இது நியாயமே இல்லை" என்றான் பையன். கிரேவ்கிராலர் வேறு, இன்னொரு ஜோம்பி மேசையில் இருந்தால் போதும், கல்லறையிலிருந்தே ஒரு மானாவுக்குத் திரும்பி வரும். என் மானா முழுவதும் நிலத்தில் இருப்பதால் அடுத்த முறையே வில்ஹெல்டை மறுபடி அழைத்துவிடலாம்.

டிராகனைப் பற்றி அளந்துதான் சொல்வேன். மச்சானின் டெக்கை இரவல் வாங்கி ஆடிய பழக்கம் மட்டுமே எனக்கு. 2017இல் வந்த அவர் தலைவன் உர்-டிராகனுக்கு ஒன்பது மானா. அது களத்துக்கே வராவிட்டாலும் கமாண்டருக்கான தனி இடத்தில் இருந்தபடியே மற்ற டிராகன்களின் விலையில் ஒன்றைக் குறைக்கும். துடைத்தாலும் அந்தச் சலுகை போகாது, இது எல்ஃபுக்கு இல்லாத பாதுகாப்பு. இடிப்பது ஐந்து நிற மானாவும் தேவைப்படுவது. எல்லா நிறமும் நேரத்துக்குக் கிடைக்க நல்ல நிலக் கார்டுகள் வேண்டும், டிராகனை விட நிலத்துக்குத்தான் ரிங்கிட் கரைகிறது. மச்சானின் மின்னும் கார்டுகள் நம் ஊர் ஈரக்காற்றில் வாழை இலை போல் சுருண்டு கிடப்பது தனி வேதனை.

ஜோம்பிக்கும் ஓட்டை உண்டு. ஃபேர்வெல் என்ற கார்டு உயிரினங்களைக் கொல்லாமல் நாடு கடத்துவதால், அதாவது கல்லறைக்கும் அனுப்பாமல் ஆட்டத்தை விட்டே வெளியேற்றுவதால், ஒன்றும் எழாது. ரெஸ்ட் இன் பீஸ் மேசையில் இருந்தால் கல்லறைக்குப் போக வேண்டியவையும் அப்படியே வெளியேறும், என் ஜோம்பிகளால் சாகவே முடியாது, ஆகவே எதுவும் எழாது. எங்களில் இவற்றை யாரும் வைப்பதில்லை. ஈப்போவில் அறிமுகமில்லாதவர்களோடு அதிகம் ஆடியதில்லை. அங்கே இந்தத் தீர்ப்பு அப்படியே நிற்கும் என்று சொல்ல மாட்டேன்.

எல்ஃப்தான் வேண்டும் என்பவர்கள் படையை அழிவிலிருந்து காக்கும் ஹீரோயிக் இன்டர்வென்ஷன் ஒன்றைச் சேர்த்து, கூட்டம் பெருகியதும் அதற்கான இரண்டு மானாவைச் செலவழிக்காமல் வையுங்கள். பையன் அதைச் சேர்த்ததிலிருந்து, அவனிடம் இரண்டு மானா சாயாமல் நின்றால் மச்சான் பிளாஸ்பீமஸ் ஆக்டைக் கையிலேயே வைத்துக்கொள்கிறார். அந்த ஆட்டங்களில் நான்தான் முதலில் தோற்கிறேன்.